இரு மொழி நிரல்களுக்கிடையே சரங்களைப் பழுதின்றிக் கைமாற்றுவது எப்படி

பைத்தானில் எழுதிய ஒரு சொற்பிழை திருத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லின் வேரைப் பிரித்தெடுக்கும் பகுதி மட்டும், வேகம் கருதி, சி மொழியில் தனி லைப்ரரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த லைப்ரரிக்கு ஓர் எண்ணைக் கொடுப்பதில் பெரிய சிக்கல் வராது. 32 பிட் முழு எண் என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டால், இரண்டும் அதே நான்கு பைட்டுகளை ஒரே விதமாகப் படிக்கும். ஒரு சொல்லைக் கொடுக்கப் போகும்போதுதான், இரு மொழிகளும் சரம் (எழுத்துகளின் தொடர்) என்று சொல்வது இரு வேறு பொருள்கள் என்பது தெரியவருகிறது.

சி மொழியில் சரம் என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் தொடங்கி, சுழிய மதிப்புள்ள பைட்டு வரும்வரை நீளும் பைட்டு வரிசை. அதன் நீளம் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. பைத்தான், 3.3 பதிப்பு முதல், சரத்தில் உள்ள மிகப்பெரிய குறியீட்டுப் புள்ளியை, அதாவது யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்ணை, பார்த்து, அச்சரத்தின் எழுத்துகள் அனைத்தையும் ஒவ்வொரு பைட்டாகவோ, இரண்டிரண்டாகவோ, நான்கு நான்காகவோ அடுக்கிவைக்கிறது. ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை சரத்தை யூடிஎஃப்-16 அலகுகளாக, அதாவது 16 பிட் துண்டுகளாக, எண்ணுகின்றன. ரஸ்ட் மொழியின் சரம் எப்போதும் பிழையற்ற யூடிஎஃப்-8, அதாவது ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியையும் ஒன்று முதல் நான்கு பைட்டுகளாக எழுதும் முறை. தொடக்கத்தைக் காட்டும் சுட்டியும் பைட்டு நீளமும் அதனுடன் சேர்ந்தே பயணிக்கும், இறுதியில் சுழியம் இராது. கோ மொழியின் சரம் வெறும் பைட்டு வரிசை. அது யூடிஎஃப்-8 ஆக இருப்பது வழக்கமே தவிர மொழியின் கட்டாயம் இல்லை. ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய அறிவியல் நிரல்களோ நீளத்தை முன்பே நிலையாக அறிவித்து, மிச்ச இடத்தை இடைவெளிகளால் நிரப்பி, நீளத்தைத் தொகுப்பி வழியாக மறைவான கூடுதல் அளபுருவாக (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பாக) அனுப்புகின்றன.

இந்த வேறுபாட்டை ஒரு சொல்லில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. "தமிழ்" என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகள். தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 இல் மூன்று பைட்டுகள் எடுப்பதால், பதின்ம எண்களில் அச்சொல் இப்படி அமைகிறது:

த: 224 174 164
ம: 224 174 174
இகரக்குறி: 224 174 191
ழ: 224 174 180
புள்ளி: 224 175 141

பைத்தானிடமும் ஜாவாஸ்கிரிப்டிடமும் நீளம் கேட்டால் 5 என்று வரும். சி, ரஸ்ட், கோ ஆகியவற்றிடம் கேட்டால் 15. இரண்டு விடைகளும் சரிதான், கேள்விதான் வேறு. கைமாற்றலில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த 5-க்கும் 15-க்கும் இடையே நிகழ்கிறது.

ஒப்பந்தத்தை முதலில் எழுதுங்கள்

இரு மொழிகளுக்கு நடுவே உள்ள எல்லையைக் கடப்பது பைட்டுகள் மட்டுமே. எனவே ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் நான்கு செய்திகளை, நிரலை எழுதத் தொடங்கும் முன்பே, தலைப்புக் கோப்பின் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்: பைட்டுகள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன, அவை எங்கே முடிகின்றன, அந்த நினைவகத்தை யார் விடுவிப்பது, எதுவரை அது உயிருடன் இருக்கும். முதல் இரண்டையும் பலர் எழுதுகிறார்கள். பின்னிரண்டையும் எழுதாமல் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் செயலிழக்கும் சேவையகத்தின் முன் உட்கார்ந்திருப்பதே வழக்கமாக இருக்கிறது.

குறியாக்கத்துக்கு யூடிஎஃப்-8 என்று முடிவு செய்துவிடுங்கள். கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்த இக்குறியாக்கத்தில், பல பைட்டுகளால் ஆன எழுத்துக்குள் 128-க்குக் குறைந்த பைட்டு எதுவும் வராது. ஆகவே சுழியத்தையோ, சாய்கோட்டையோ, வரிமுடிவையோ தேடும் பழைய சி நிரல், தமிழ் எழுத்தின் நடுவே அவற்றைக் கண்டதாக ஒருபோதும் ஏமாறாது. யூடிஎஃப்-16 இல் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சுழிய பைட்டு இருப்பதால், சி செயற்கூறு முதல் எழுத்தோடு சரம் முடிந்ததாகக் கருதிவிடும். தமிழுக்கு யூடிஎஃப்-16 இல் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள்தானே, யூடிஎஃப்-8 இல் மூன்றாயிற்றே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. சேமிப்பு உண்மைதான், ஆனால் எல்லையில் ஒரே குறியாக்கம் என்ற ஒழுங்கைக் கெடுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை.

சி மொழியில் ஓர் எழுத்துக்குப் பல பைட்டுகள் ஒதுக்கும் அகலக் குறி வகையையும் எல்லையில் அனுமதிக்க வேண்டாம். விண்டோஸில் அது 16 பிட், லினக்ஸில் பொதுவாக 32 பிட்; ஒரே மூலநிரல் இரு கணினிகளில் இரு வேறு ஒப்பந்தமாகிவிடும்.

முடிவிடத்துக்குச் சுட்டியையும் பைட்டு நீளத்தையும் தனித்தனி அளபுருக்களாக அனுப்புவதே என் பரிந்துரை. சுழிய முடிவு எளிமையானது, சி உலகம் முழுவதும் அதைத்தான் எதிர்பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் பைத்தான், ஜாவா, ரஸ்ட் ஆகியவற்றின் சரங்களுக்குள் சுழியம் சாதாரண எழுத்தாக இருக்கலாம். பயனர் அனுப்பிய சரத்தின் நடுவே அது இருந்தால், ஒரு பக்கம் முழுச் சரத்தையும் சோதித்து அனுமதிக்கும், மறுபக்கம் சுழியத்துக்கு முந்திய துண்டை மட்டும் கோப்புப் பெயராகத் திறக்கும். பாதுகாப்பு ஓட்டைகள் உருவாக இதுவே போதும். ஏற்கெனவே உள்ள லைப்ரரி சுழிய முடிவையே கேட்டால், அனுப்பும் பக்கம் சரத்துக்குள் சுழியம் உண்டா என்று பார்த்து, இருந்தால் மறுத்துவிட வேண்டும். ரஸ்டின் சிஸ்ட்ரிங் வகை இந்தச் சோதனையைத் தானே செய்து பிழையைத் திருப்பித் தருகிறது.

சி லைப்ரரியும் பைத்தானும்

பைத்தானிலிருந்து சி லைப்ரரியை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக அழைப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் செயற்கூற்றின் அளபுரு வகைகளையும் திருப்பும் வகையையும் வெளிப்படையாக அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் திருப்பும் மதிப்பைச் சாதாரண முழு எண்ணாகவே சிடைப்ஸ் கொள்ளும். 64 பிட் கணினியில் சுட்டியின் மேற்பாதி வெட்டுப்பட்டு, சில சமயம் வேலை செய்து, சில சமயம் நிரல் விழும். பிறகு சரத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியையும் அதன் நீளத்தையும் அனுப்புங்கள். இங்கே நீளம் என்பது பைட்டு வரிசையின் நீளம். மூலச் சரத்தின் நீளத்தை அனுப்பினால், "தமிழ்" என்பதற்கு 15-க்குப் பதில் 5 போகும். லைப்ரரி த என்ற எழுத்தையும், ம என்பதன் மூன்று பைட்டுகளில் முதலிரண்டையும் மட்டும் பெறும். ஆங்கிலச் சொற்களை மட்டுமே கொண்டு எழுதிய சோதனைகள் அனைத்தும் இந்தப் பிழையோடு வெற்றியாகவே முடியும்.

பைத்தானின் பைட்டு வரிசை மாற்ற முடியாதது என்பதால், சி பக்கம் அதன்மேல் எழுதக் கூடாது. விடை எழுதப்பட வேண்டுமானால் அதற்கென்று தனி பஃபரை, அதாவது எழுதுவதற்கு ஒதுக்கிய நினைவக இடத்தை, உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அதேபோல, அழைப்பு முடிந்த பிறகும் அந்தச் சுட்டியைச் சி பக்கம் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது. பைத்தானில் அந்தப் பைட்டுகளைச் சுட்டும் மாறி மறைந்ததும் நினைவகம் வேறு பயனுக்குப் போய்விடும். லைப்ரரிக்குச் சொல் பிறகும் தேவையென்றால், அழைப்பு முடிவதற்குள் தன் சொந்த நினைவகத்தில் நகலெடுத்துக்கொள்வது லைப்ரரியின் பொறுப்பு.

விடையைத் திரும்பப் பெற நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் அழைப்பவரே பஃபரைக் கொடுக்கிறார், அதன் கொள்ளளவையும் சொல்கிறார். லைப்ரரி எழுதிவிட்டு, தேவைப்பட்ட மொத்தப் பைட்டு எண்ணிக்கையைத் திருப்புகிறது. திரும்பிய எண் கொள்ளளவைவிடப் பெரிதாக இருந்தால், அழைப்பவர் பெரிய பஃபரோடு மீண்டும் அழைக்கிறார். சி மொழியின் எஸ்என்பிரிண்ட்எஃப் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது. யார் விடுவிப்பது என்ற கேள்வியே இதில் எழாது என்பதால், விடையின் நீளத்தை ஓரளவு ஊகிக்க முடிகிற இடங்களில் எல்லாம் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இடம் போதாதபோது லைப்ரரி இருக்கிற இடத்தில் வெட்டி எழுதினால், வெட்டு ஒரு தமிழ் எழுத்தின் நடுவே விழலாம். வெட்ட வேண்டியிருந்தால், 128 முதல் 191 வரையுள்ள தொடர்ச்சிப் பைட்டு எதுவும் வெட்டுக்கு அடுத்து வராதபடி பின்வாங்கி வெட்ட வேண்டும். எதுவும் எழுதாமல் நீளத்தை மட்டும் சொல்வது இன்னும் நல்லது.

இரண்டாம் வழியில் லைப்ரரியே நினைவகம் ஒதுக்கிச் சுட்டியைத் திருப்புகிறது. அப்படியானால் அதை விடுவிக்கும் செயற்கூற்றையும் அதே லைப்ரரி வழங்கியே ஆக வேண்டும். அழைப்பவர் தன் பக்கத்து ஃப்ரீ செயற்கூற்றை அழைப்பது லினக்ஸில் பல நேரம் தப்பித்துவிடும். விண்டோஸில் இரண்டு டிஎல்எல் கோப்புகள் தனித்தனி சி இயக்க நூலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றின் நினைவகக் குவியலை மற்றொன்று விடுவிக்க முயன்று நிரல் சிதையும். சிடைப்ஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. திருப்பும் வகையைச் சரச்சுட்டி என்று அறிவித்தால், அது பைட்டுகளை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டு மூலச் சுட்டியை மறைத்துவிடும். பிறகு விடுவிக்க எதுவும் கையில் இராது, ஒவ்வோர் அழைப்புக்கும் கொஞ்சம் நினைவகம் கசியும். திருப்பும் வகையைப் பொதுச்சுட்டி என்று அறிவித்து, அதிலிருந்து பைட்டுகளை நீங்களே படித்து, யூடிஎஃப்-8 இலிருந்து சரமாக்கி, உடனே லைப்ரரியின் விடுவிப்புச் செயற்கூற்றை அழையுங்கள்.

பிற மொழிகளில் மாறுபடும் இடங்கள்

ரஸ்டில் எழுதிய லைப்ரரியும் வெளியே சி ஒப்பந்தத்தைத்தான் காட்டும். சரத்தின் உரிமையை வெளியே கொடுக்க சிஸ்ட்ரிங்கைச் சுட்டியாக்கி அனுப்பலாம். ஆனால் அந்தச் சுட்டி மீண்டும் ரஸ்டுக்கே திரும்பி வந்துதான் விடுவிக்கப்பட வேண்டும், சி மொழியின் ஃப்ரீ அதைத் தொடக் கூடாது. ஒரே வரியில் தற்காலிக சிஸ்ட்ரிங்கை உருவாக்கி அதன் சுட்டியை எடுப்பது மிகப் பரவலான தவறு: வரி முடிந்ததும் சரம் அழிந்துவிடும், சுட்டி மட்டும் மிஞ்சும். சரத்தை ஒரு பெயரில் பிடித்துவைத்துவிட்டுப் பிறகு சுட்டியை எடுங்கள்.

கோ மொழியைச் சி மொழியோடு இணைக்கும் சிகோ, சரத்தைச் சி நினைவகத்துக்கு நகலெடுத்துத் தருகிறது. அந்த நகலை, பயனற்ற நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அறியாது என்பதால் விடுவிப்பது உங்கள் வேலை. உருவாக்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே ஒத்திவைத்த விடுவிப்பை எழுதிவிடும் பழக்கம் நல்லது.

ஜாவாவில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜாவாவைச் சி நிரலோடு இணைக்கும் ஜேஎன்ஐ வழியே சரத்தின் யூடிஎஃப் பைட்டுகளைக் கேட்கும்போது கிடைப்பது, பெயரைப் பார்த்து நாம் நம்புவதுபோல, நியம யூடிஎஃப்-8 அன்று. ஜாவாவுக்கே உரிய திருத்திய வடிவம் அது. சுழிய எழுத்து அதில் 192 128 என்ற இரண்டு பைட்டுகளாக வரும். 65,535-க்கு மேற்பட்ட குறியீட்டுப் புள்ளிகள் நான்கு பைட்டுகளாக வராமல், யூடிஎஃப்-16 இன் இணை அலகுகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று என்ற கணக்கில் ஆறு பைட்டுகளாக வரும். இது எமோஜிக்கு மட்டும் உரிய சிக்கல் என்று தமிழர் ஒதுக்கிவிட முடியாது. 320-இல் ஒரு பங்கான முந்திரி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள், 2019-இல் வந்த யூனிகோடு 12-இல், அந்த எல்லைக்கு அப்பாற்பட்ட தமிழ்த் துணைத் தொகுதியில்தான் இடம்பெற்றன. பழைய நிலக்கணக்கு ஆவணத்தைக் கணினியேற்றும் ஒருவர் முந்திரிக் குறியை ஜாவாவிலிருந்து சி லைப்ரரிக்கு இந்த வழியில் அனுப்பினால், கண்டிப்பான யூடிஎஃப்-8 படிப்பான் அதைப் பிழையென்று தள்ளிவிடும். தீர்வு எளியது: ஜாவா பக்கத்திலேயே, குறியாக்கத்தை வெளிப்படையாகச் சொல்லி, சரத்தைப் பைட்டு அணியாக்கி, அந்த அணியை அனுப்புங்கள், திரும்பி வருவதையும் பைட்டு அணியாகவே பெற்றுச் சரமாக்குங்கள். ஜாவா 22-இல் நிலைபெற்ற அயல் செயற்கூறு இடைமுகத்தைப் பயன்படுத்த முடிந்தால், அது நியம யூடிஎஃப்-8 ஐயே கையாளுகிறது; ஒதுக்கிய நினைவகத்தின் ஆயுளையும் அரீனா என்ற ஒன்றோடு கட்டிவைக்கிறது.

சி ஷார்ப்பில் வெளி லைப்ரரியை அழைக்க உதவும் டிஎல்எல்இம்போர்ட், எதுவும் சொல்லாவிட்டால், சரத்தை விண்டோஸின் பழைய குறிப்பக்கத்துக்கு (யூனிகோடுக்கு முந்திய குறியாக்க அட்டவணைக்கு) மாற்றி அனுப்பும். தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு குறிப்பக்கமே கிடையாது. ஆகவே வழக்கமான அமைப்பில் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யூடிஎஃப்-8 என்று அளபுருவிலேயே குறிப்பிடுங்கள். திருப்பும் வகையைச் சரம் என்று அறிவித்தால், டாட்நெட் அச்சுட்டியைத் தன் முறையில் விடுவிக்க முயலும். பைத்தானில் செய்ததுபோலவே, வெறும் சுட்டியாகப் பெற்றுக்கொண்டு நீங்களே படித்து லைப்ரரியிடம் விடுவிக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு.

உலாவியில், பிற மொழி நிரல்களைத் தொகுத்து ஓட்டும் வடிவமான வெப்அசெம்பிளியோடு பேசும்போது அடிப்படையில் எண்கள் மட்டுமே கடக்கும். வெப்அசெம்பிளிப் பக்கத்தின் ஒதுக்கீட்டுச் செயற்கூற்றை அழைத்து இடம் பெற்று, சரத்தை யூடிஎஃப்-8 ஆக்கும் டெக்ஸ்ட்என்கோடர் கொண்டு பைட்டுகளை அங்கே எழுதி, இடத்தையும் நீளத்தையும் இரண்டு எண்களாக அனுப்ப வேண்டும். முன்கூட்டி எவ்வளவு இடம் கேட்பது என்றால், ஜாவாஸ்கிரிப்ட் நீளத்தின் மூன்று மடங்கு எப்போதும் போதும். ஆங்கிலத்துக்கு அது வீண், தமிழுக்கு அது மிகச் சரியான அளவு. இடையில் வெப்அசெம்பிளியின் நினைவகம் வளர்ந்தால், முன்பு எடுத்துவைத்த நினைவகப் பார்வைகள் செல்லாதவையாகிவிடும் என்பதால், ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் பார்வையைப் புதிதாக எடுங்கள்.

சரத்தைப் போலவே சரத்துக்குள் உள்ள இடஎண்களும் எல்லையைக் கடக்கின்றன என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வேர்ச்சொல் பிரிக்கும் லைப்ரரி "ஆறாம் இடத்தில் வெட்டு" என்று சொன்னால், ஆறாவது பைட்டா, குறியீட்டுப் புள்ளியா, யூடிஎஃப்-16 அலகா? பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் நடுவே இந்தக் குழப்பம் நெடுநாள் ஒளிந்திருக்கும். வழக்கமான தமிழ் உரையில் இரண்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போவதால் எல்லாம் சரியாகவே தோன்றும். யாரோ ஒருவர் ஓர் எமோஜியை இட்ட நாளில்தான், அதற்குப் பின்வரும் ஒவ்வோர் எண்ணும் ஒன்று விலகும். எல்லையில் எப்போதும் பைட்டு இடஎண் என்று வைத்துக்கொண்டு, தத்தம் மொழியின் எண்ணுக்கு மாற்றுவதை அந்தந்தப் பக்கத்திடமே விட்டுவிடலாம்.

தனித்தனி நிரல்களாக ஓடும்போது

இரண்டும் வேறு வேறு நிரல்களாக இயங்கி, நிரல்களுக்கிடையே பைட்டுகளைக் கடத்தும் பைப் வழியாகவோ சாக்கெட் வழியாகவோ பேசினால், நினைவகத்தை யார் விடுவிப்பது என்ற கவலை முற்றிலும் நீங்குகிறது. வேகம் உயிர்நாடியாக இல்லாத இடத்தில் இந்தப் பிரிவினையையே முதலில் முயல வேண்டும் என்பது என் கருத்து. லைப்ரரி விழுந்தாலும் மறுபக்கம் நிற்கும். ஆனால் முடிவிடக் கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் பைப்புக்குச் செய்தி என்று எதுவும் தெரியாது. ஒரு பக்கம் ஒரே மூச்சில் எழுதியது மறுபக்கத்தில் இரண்டு துண்டாக வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

துண்டாவதன் விளைவைத் தமிழில் எளிதாகக் காணலாம். இடைவெளியே இல்லாத தமிழ் உரையை 4096 பைட்டுகளாகப் படித்தால், 1365 குறிகள் 4095 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் ஒரு பைட்டு அடுத்த எழுத்தின் தலைப்பகுதி. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சரமாக்கினால் அந்த எழுத்து சிதைந்து, மூன்றில் இரண்டு சந்திப்புகளில் பிழைக்குறிகள் முளைக்கும். எனவே பைட்டுகளைச் சேர்த்துவைத்து, செய்தி முழுதாக வந்த பிறகே சரமாக்க வேண்டும்; அல்லது மிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் படிப்படியான குறிநீக்கியைப் பயன்படுத்த வேண்டும். பைத்தான், நோட், ஜாவா ஆகிய மூன்றிலும் அது உடன் வருகிறது.

செய்தியின் முடிவைக் காட்ட எளிய வழி, தரவை உரையாக எழுதும் வடிவமான ஜேசனை வரிக்கு ஒன்றாக எழுதுவது. சரத்துக்குள் உள்ள வரிமுடிவையும் சுழியத்தையும் ஜேசன் தானே மறைத்து எழுதிவிடுவதால், வரிமுடிவு பைட்டைப் பிரிப்பானாக நம்பலாம். பைத்தானின் ஜேசன் தொகுதி இயல்பாகத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் ஆறு ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) குறிகளாக விரித்து எழுதும். பொருள் கெடாது, அளவு மட்டும் இரட்டிக்கும், பதிவேட்டில் கண்ணால் படிக்கவும் முடியாது. அந்த விருப்பத்தை அணைத்துவிட்டு யூடிஎஃப்-8 ஆகவே எழுதலாம். இணையத்தில் அமைப்புகளுக்கிடையே ஜேசன் யூடிஎஃப்-8 ஆகத்தான் செல்ல வேண்டும் என்று 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற இணையத் தர ஆவணம் விதிக்கிறது.

மற்றொரு வழி, நீளத்தை முன்னே எழுதி உள்ளடக்கத்தைப் பின்னே எழுதுவது. குரோம் உலாவியின் நீட்சிகள் வெளி நிரலோடு பேசும் முறையில் 32 பிட் நீளம் முன்னே வருகிறது. நிரல் திருத்திகள் பயன்படுத்தும் மொழிச் சேவையக நெறிமுறையில் நீளம் ஒரு தலைப்பு வரியாக வருகிறது. இரண்டிலும் அது பைட்டுக் கணக்கு. குறியீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கையை அதில் எழுதிய நிரல், மூலநிரலில் ஒரு தமிழ்க் குறிப்புரை வந்த கணமே தடம்புரளும்: படிப்பவர் குறைவாகப் படித்து, மிச்சத்தை அடுத்த செய்தியின் தலைப்பாக எண்ணிக் குழம்புவார். முதலில் பைட்டுகளாக்கி, பிறகு நீளம் எடுத்து, பிறகு எழுதுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

இரு முனைகளிலும் குறியாக்கத்தைச் சூழலிடம் விட்டுவிடாமல் நிரலிலேயே சொல்லுங்கள். உங்கள் முனையத்தில் சரியாக ஓடும் நிரல், சேவையகத்தில் மொழி அமைப்பு எதுவுமின்றி கால அட்டவணையில் ஓடும்போது ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு விழுவது பழைய பைத்தான் பதிப்புகளில் அன்றாடக் காட்சி, 3.7 முதல் அது பெருமளவு குறைந்தது. ஜாவா 18 முதல் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆனாலும், நியம வெளியீடு அந்த மாற்றத்துக்கு விலக்கு. பதில் எழுதிய பிறகு பஃபரை வெளியேற்றவும் மறக்க வேண்டாம். முனையத்தில் வரிக்கு வரி வெளியேறுவது, பைப்பில் பஃபர் நிரம்பும்வரை தேங்கி நிற்கும், இரண்டு நிரல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உறைந்துபோகும்.

ஒரே சொல், இரு பைட்டு வரிசைகள்

பைட்டுகள் பழுதின்றி வந்து சேர்ந்த பிறகும் "கொடு" என்ற சொல் அகராதியில் கிடைக்காமல் போகலாம். ஒகரக்குறி ஒரே குறியீட்டுப் புள்ளியாக, 224 175 138 என்று வரலாம். எகரக்குறியும் கால்குறியும் இரண்டாகப் பிரிந்து, 224 175 134 224 174 190 என்றும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே, யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் பைட்டு ஒப்பீடு சமமில்லை என்று சொல்லும். மேக் கணினியின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்ததால், அங்கிருந்து வந்த பெயர்களில் இது இன்றும் தலைகாட்டும். உள்ளே வரும் சரங்களை ஒரே ஒரு இடத்தில், எல்லையைக் கடந்தவுடன், சேர்த்த வடிவமான என்எஃப்சிக்கு இயல்பாக்கிவிடுங்கள். கடவுச்சொல்லையும் கையொப்பமிட்ட தரவையும் மட்டும் தொடக் கூடாது. அவற்றில் பைட்டு மாறினால் சரிபார்ப்பு தவறும்.

இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் தமிழில் இருக்கிறது. ஸ்ரீ என்ற கூட்டெழுத்தைப் பொதுவான ஸ கொண்டும் எழுதலாம், யூனிகோடு 4.1-இல் 2005-ஆம் ஆண்டு சேர்ந்த ஶ கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவை யூனிகோடின் பார்வையில் வேறு வேறு சரங்களே. வாடிக்கையாளர் பெயர்களை ஒரு நிரல் தேடி மற்றொரு நிரல் பதிவுசெய்யும் அமைப்பில், ஸ்ரீதர் இரண்டு பேராகிவிடாமல் இருக்க, தேடலுக்கென்று தனி ஒப்புமை விதி எழுதியாக வேண்டும்.

பிழையுள்ள பைட்டுகள் வந்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மொழிகள் ஒன்றுபோல் நடப்பதில்லை. பைத்தானும் ரஸ்டும் பிழையை எழுப்பும். ஜாவாவும் சி ஷார்ப்பும் ஜாவாஸ்கிரிப்டும் இயல்பாக மாற்றுக்குறி ஒன்றை இட்டுவிட்டு அமைதியாகத் தொடரும். கோ எதுவும் செய்யாமல் அப்படியே கடத்தும். அமைதியாகத் தொடர்வது ஒரு பக்கத்தை உருவாக்கிக் காட்ட வேண்டிய இடத்தில் சரி. தரவைச் சேமிக்கும் இடத்தில் எல்லையிலேயே மறுத்துவிடுவதுதான் சரி, ஏனென்றால் மாற்றுக்குறி இட்ட பிறகு மூல எழுத்தை யாராலும் மீட்க முடியாது.

சோதிப்பதும் கண்டறிவதும்

சோதனைக்குப் பொறுக்கிய சில சரங்கள் போதும்: வெற்றுச் சரம், "தமிழ்", பிரித்தும் சேர்த்தும் எழுதிய "கொடு", முந்திரிக் குறி அல்லது ஓர் எமோஜி, நடுவே சுழியம் உள்ள சரம், வரிமுடிவு உள்ள சரம், சில மெகாபைட் நீளமான தமிழ் உரை, நடுவெழுத்தில் வெட்டிய பைட்டு வரிசை. ஒவ்வொன்றையும் மறுபக்கம் அனுப்பி, மாற்றாமல் திரும்பப் பெற்று, பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுங்கள். அதே அழைப்பைச் சில இலட்சம் முறை சுழற்றி, நிரல் பிடித்திருக்கும் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள்.

ஏதேனும் கெட்டு வந்தால், திரையில் தெரியும் உருவமே பாதி வழியைக் காட்டும். தலையில் கோடிட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கமாகப் படித்திருக்கிறார்கள். 224, 174 என்ற எண்களுக்கு அங்கே அந்த உருவங்கள்தான். பைட்டுகள் இன்னும் உயிரோடு இருப்பதால் இது பெரும்பாலும் மீட்கக்கூடியது. வெறும் கேள்விக்குறிகள் வந்தால் தரவு அழிந்துவிட்டது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி என்றால், எழுத்தின் நடுவே வெட்டு விழுந்ததா என்று முதலில் பாருங்கள். வெறும் கட்டங்கள் என்றால் பெரும்பாலும் எழுத்துருதான் இல்லை, நிரலைத் தொட வேண்டாம்.

உருவத்தைவிடவும் நம்பகமானது பைட்டு எண்ணிக்கை. "தமிழ்" என்று மட்டும் அனுப்பி, மறுபக்கம் வந்த பைட்டுகளை எண்ணுங்கள். 15 என்றால் சரி. 18 என்றால் முன்னே 239 187 191 என்ற, குறியாக்கத்தைக் காட்டும் தொடக்க அடையாளம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அதை நீக்குங்கள். 10 என்றால் யூடிஎஃப்-16, 12 என்றால் அடையாளத்தோடு கூடிய யூடிஎஃப்-16. 20 என்றால் லினக்ஸின் அகலக் குறி வகை எங்கோ நுழைந்திருக்கிறது. 30 என்றால் ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்) என்று எண்ணி இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். 5 என்று வந்தால் அந்தப் பைட்டுகளை அச்சிட்டுப் பாருங்கள்: ஐந்தும் 63 என்றால் அவை கேள்விக்குறிகள், குறிப்பக்க மாற்றத்தைத் தேடுங்கள், 224 174 164 224 174 என்றால் நீளத்தைப் பைட்டுகளாக்கும் முன்பே எடுத்திருக்கிறீர்கள்.